மார்க் வந்தது, மொழி வந்ததா?



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வருகிற அன்று நம் கடைவீதியில் இனிப்பு வழங்காத கடை குறைவு. பிள்ளை வாங்கிய மார்க்கைக் கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டாததுதான் பாக்கி. அந்த மகிழ்ச்சிக்குக் குறுக்கே நிற்பது நம் நோக்கமல்ல. ஆனால் அந்த மார்க்கில் ஒரு பகுதியைப் பற்றி, அதாவது ஆங்கிலப் பாடத்துக்குக் கிடைக்கும் மார்க்கைப் பற்றி, நமக்கு நீண்ட நாளாக ஒரு மனக்குறை உண்டு. அதை இந்த இதழில் வெளிப்படையாகவே எழுதிவிடுகிறோம்.

நம் உறுப்பினர் ஒருவர் தென்காசியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம்; அண்ணாச்சி என்றே சொல்வோம். அவருக்கு ஒரு கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. தேதி கடந்த சரக்குக்கும் உடைந்த சரக்குக்கும் கிளைம் எப்படி அனுப்ப வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அண்ணாச்சி எட்டாம் வகுப்போடு கடைக்கு வந்தவர். மகனைக் கூப்பிட்டார். மகன் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் 94 வாங்கியவன்.

"எலே, இதுல என்ன போட்டிருக்கான்? பாத்துச் சொல்லு."

பையன் இரண்டு தடவை படித்தான். 30-ஆம் தேதிக்குப் பிறகு வரும் கிளைம்கள் 'என்டர்டெய்ன்' செய்யப்படமாட்டா என்று கடைசி வரியில் இருந்தது. அந்தச் சொல்லுக்கு அவன் மனப்பாடம் செய்திருந்த பொருள் 'மகிழ்வித்தல்'.

"கிளைம் அனுப்பலாம்னுதான் போட்டிருக்குப்பா. கடைசியில ஏதோ பொழுதுபோக்கு நிகழ்ச்சி கிடையாதுன்னு இருக்கு."

டீலர் கூட்டத்தில் வழக்கமாக வைக்கும் பாட்டுக் கச்சேரி இந்த வருஷம் இல்லை போலும் என்று அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். சீசன் நெருக்கடி வேறு. கடிதத்தைப் பில் குத்தும் கம்பியில் குத்திவிட்டு வியாபாரத்தைப் பார்த்தார். கிளைம் போனது அடுத்த மாதம் 8-ஆம் தேதி. ரூ.18,600 போயிற்று. ஏற்கப்படாது என்று எழுத்திலே சொல்லியாகிவிட்டது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பையனை நாம் குறை சொல்லமாட்டோம். அவன் கெட்டிக்காரன், உழைத்துப் படித்தவன். பத்து வருஷம் ஆங்கிலம் படித்தும், ஒரு சொல்லை ஒரு கடிதத்துக்குள் வைத்துப் பார்க்க அவனுக்கு யாரும் வாய்ப்புக் கொடுக்கவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

மலையாளம் எப்படி வந்தது?

நம் பகுதிக் காய்கறியும் பலசரக்கும் புளியரை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குப் போகின்றன. அந்த வியாபாரத்தில் இருக்கிற கமிஷன் கடைக்காரர், லாரி ஷெட் ஆட்கள், குற்றாலத்தில் சிப்ஸும் ரம்புட்டானும் விற்கிற பையன்கள் எல்லோரும் மலையாளம் பேசுகிறார்கள். பேரம் பேசுவார்கள், பாக்கி கேட்பார்கள், சண்டையும் போடுவார்கள். இவர்களில் மலையாளத்தைப் பள்ளியில் படித்தவர் எத்தனை பேர்? பெரும்பாலும் ஒருவரும் இல்லை. பேசினால் சரக்கு விற்கும், பேசாவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான் என்ற தேவையிலே, காதால் கேட்டு, தப்பும் தவறுமாகப் பேசி, சிரித்தவர் திருத்தத் திருத்த வந்த மொழி அது.

அதே பையன்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படிக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில், படம் போட்டு வழி சொல்லச் சொல்லும் கேள்வி ஒன்று வரும். நேராகப் போ, இடது பக்கம் திரும்பு, வலது பக்கத்தில் வங்கி இருக்கும் என்று எழுத வேண்டும். அதற்கு முழு மார்க் வாங்கிய பையன் ஒருவன் மெயின் அருவி பக்கம் கடையில் நிற்கிறான். கர்நாடகத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று ஐந்தருவிக்கு வழி கேட்டது. பையன் கையை நீட்டிக் காட்டினான், வாய் திறக்கவில்லை. நாம் கண்ணால் பார்த்தது இது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

பள்ளியில் நடப்பது என்ன?

தமிழ்நாட்டில் 1968 முதல் தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருக்கிறது. ஆகவே ஆங்கிலம் இங்கே யாரோ சிலருக்கான ஆடம்பரப் படிப்பல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள பாடம். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. 2019-ல் பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது. அதே ஆண்டு, மொழிப் பாடங்களுக்கு இருந்த இரண்டு தாளை அரசு ஒரே தாளாக்கியது.

அந்தப் பாடநூலைக் குறை சொல்ல முடியாது. நாம் வாங்கிப் புரட்டிப் பார்த்தோம். ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதை நாடகமாக இருக்கிறது. சத்யஜித் ராயின் கதை இருக்கிறது. இயந்திரங்களைப் பற்றி கிப்ளிங் எழுதிய பாட்டு இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' கதைவடிவில் இருக்கிறது. சரக்கு நல்ல சரக்குத்தான். அது பிள்ளையின் கைக்கு வந்து சேருகிற வழியில்தான் சேதாரம்.

வகுப்பில் ஆசிரியர் ஒரு தடவை வாசிக்கிறார். தமிழில் கதையைச் சொல்கிறார். பிறகு நோட்ஸில் இருக்கிற விடையைப் படிக்கச் சொல்கிறார். பையன் கதையைப் படிப்பதில்லை, கதையைப் பற்றிய பதினைந்து வரியைப் படிக்கிறான். கடிதம் எழுதும் பாடமும் அப்படியே. ஊரும் தேதியும் எங்கே எழுத வேண்டும் என்பது தெரியும். நடுவில் எழுதச் சொந்தமாக இரண்டு வரி கிடையாது. ஆசிரியர்கள் மேல் நாம் பழி போடவில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகள், முடிக்க வேண்டிய போர்ஷன், 35 மார்க்கைத் தொடமாட்டானோ என்று பயமுறுத்தும் கடைசி வரிசை. தேர்ச்சி சதவீதம் எவ்வளவு என்றுதான் அவர்களிடம் கேட்கிறார்களே தவிர, பையன் ஒரு கடிதத்தைப் படித்துப் புரிந்துகொள்கிறானா என்று எவரும் கேட்பதில்லை. நாமும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நோட்ஸையும் கைடையும் விற்பவர்கள் யார்? நம் சங்கத்து உறுப்பினர்கள்தான். ஜூன் மாதம் ஸ்டேஷனரிக் கடைகளில் பாடநூலைவிட கைடு வேகமாகப் போகிறது. அந்த லாபத்தில் நமக்கும் பங்கு இருக்கும்போது, பள்ளியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

பாதியில் நின்றால் என்ன கிடைக்கும்?

நூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கவலையைப் பட்டவர் ஒருவர் உண்டு. மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். வங்காளத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் படிப்பதை ஆராய்ந்து 1926-ல் ஓர் அறிக்கை எழுதினார். அதில் அவர் பயன்படுத்திய சொல் நமக்கு நன்றாகத் தெரிந்த சொல்: சரண்டர் வேல்யூ. இன்ஷூரன்ஸ் பாலிசியை முழுக்காலமும் கட்டாமல் நடுவில் நிறுத்தினால் கையில் என்ன வரும் என்று நாம் கேட்கிறோமே, அதே கேள்வியை அவர் படிப்பைப் பார்த்துக் கேட்டார். பெரும்பாலான பிள்ளைகள் கடைசிவரை படிப்பதில்லை. எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ நின்றுவிடுகிற பிள்ளைக்கு, அதுவரை படித்த ஆங்கிலத்தால் ஏதாவது உபயோகம் உண்டா? கல்லூரிக்குப் போனால்தான் பலன் என்று அமைத்த பாடம், நடுவில் நிற்பவனை வெறுங்கையோடு அனுப்புகிறது என்பது அவர் வாதம். ஆகவே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனை முதலில் கொடுங்கள். எந்த வகுப்பில் நின்றாலும் அது கூடவே வரும் என்றார்.

பிற்பாடு, 1953-ல், அதிகம் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் சுமார் 2,000-ஐப் பட்டியல் போட்டு வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் வருகிற சொற்களில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இது நமக்குப் புரியாத கணக்கா? அரிசி, பருப்பு, சீனி, எண்ணெய் இருப்பு வைக்காமல், வருஷத்துக்கு ஒரு தடவை கேட்கிற சாமானை வாங்கி அடுக்குகிறவன் கடை நடத்த முடியாது. பையனுக்கு முதலில் வேண்டியது தினமும் புழங்குகிற சொல்; அதுவும் ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தமாக இல்லாமல், கடிதத்தில் வந்தால் இப்படி, கதையில் வந்தால் இப்படி என்று பழகிய சொல்.

வெஸ்ட் சொன்னது வங்காளத்துக் கதை. நம் பக்கத்திலேயே நடந்த முயற்சி ஒன்று உண்டு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு என்பவர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களில் சில பள்ளி வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசையாகச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே ஒரு வேலையைக் கொடுத்தார். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இன்ன நேரத்துக்குள் போய்ச் சேர எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கச் சொல்வது அதில் ஒன்று. பிள்ளையின் கவனம் வேலையில் இருக்கும். மொழி அதன் கூடவே வரும். பிறகு நடந்த மதிப்பீடு முழு வெற்றி என்று முரசு கொட்டவில்லை. ஆனாலும் முறைக்குச் சாதகமாகவே இருந்தது. குற்றாலத்துப் பையன் மலையாளம் பழகியதும் இந்த வழியில்தானே!

இந்தப் பாடத்துக்கு வேண்டிய சாமான் நம் கடையிலே கிடக்கிறது. இரண்டு கம்பெனி கொட்டேஷன்: ஒன்றில் விலை குறைவு, லாரி வாடகை தனி, மற்றதில் விலை கூடுதல், கடை வாசலில் இறக்கித் தருவார்கள். ஐம்பது பெட்டிக்கு எது லாபம்? உணவுப் பொட்டலத்து லேபிள்: 'பெஸ்ட் பிஃபோர்' என்று போட்டிருந்தால், அந்தத் தேதிவரை தரம் குறையாது என்று பொருள். 'யூஸ் பை', 'எக்ஸ்பைரி' என்று போட்டிருந்தால், அந்தத் தேதிக்குப் பிறகு விற்கவே கூடாது. இந்த வித்தியாசம் தெரியாத பையன் கடையில் உட்கார்ந்தால் அபராதம் நமக்கு, வயிற்றுவலி வாடிக்கையாளருக்கு.

அப்படியானால் கதையும் பாட்டும் எதற்கு?

இதைச் சங்கத்தில் பேசியபோது உறுப்பினர் சிலர் உடனே கேட்டார்கள்: "அப்போ கடிதமும் பில்லும் மட்டும் சொல்லிக் குடுத்தாப் போதாதா? ஷேக்ஸ்பியர் நம்ம கடைக்கு எதுக்கு?" அவர்கள் வருத்தப்பட்டாலும் சரி, நாம் அதை ஒப்புக்கொள்ளமாட்டோம்.

நம் மாவட்டத்துக் கடையத்தில் 1918 முதல் 1920 வரை வாழ்ந்தவர் பாரதியார். அது செல்லம்மாள் பிறந்த ஊர். சிறுவயதில் திருநெல்வேலியில் படித்த ஆங்கிலப் படிப்பினால் தகப்பனார் பணம் போனதுதான் மிச்சம், தமக்குக் கெடுதலே வந்தது என்ற பொருளில் தம் சுயசரிதைப் பாட்டில் மனம் நொந்து எழுதினார். அதே பாரதியார்தான் ஷெல்லி என்ற ஆங்கிலக் கவிஞர் மேல் உள்ள பிரியத்தால் ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் கட்டுரைகளும் எழுதினார். அவர் வெறுத்தது ஆங்கிலத்தை அல்ல, அதைச் சொல்லிக் கொடுத்த விதத்தை. மொழி அவருக்கு வந்தது பிரியத்தோடு படித்த பாட்டிலிருந்து.

குற்றாலத்தில் குடியிருந்த ரசிகமணி டி.கே.சி.யையும் இங்கே நினைக்க வேண்டும். அவர் வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்தது அருவிக்காக மட்டுமல்ல. அவர் கம்பன் பாட்டைச் சொல்லக் கேட்பதற்காகவும்தான். பாட்டு என்பது ஒப்பிப்பதற்கல்ல, அனுபவிப்பதற்கு என்பதை இந்த ஊருக்குக் காட்டியவர் அவர். தமிழ்ப் பாட்டுக்கு உள்ள அந்த நியாயம் ஆங்கிலப் பாட்டுக்கும் உண்டு. கதை பிடித்தால் பையன் அடுத்த பக்கம் புரட்டுவான். பக்கம் புரட்டினால்தான் சொல் பழகும். கம்பெனிக் கடிதத்தை ஆசையோடு பத்துப் பக்கம் படிக்கிற பிள்ளை உலகத்தில் எங்கும் கிடையாது.

நம்மைப் பற்றி ஒரு கதை

அந்தப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'கடைசிப் பாடம்' என்று ஒரு கதை இருக்கிறது. அல்போன்ஸ் தோதே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது. 1870-71 போரில் பிரான்ஸ் தோற்று, அல்சேஸ் பகுதி ஜெர்மானியர் வசம் போகிறது. இனி பள்ளியில் பிரெஞ்சு மொழி கிடையாது, ஜெர்மன் மட்டும்தான் என்று உத்தரவு வருகிறது. கடைசி நாள் வகுப்பில் ஊர்ப் பெரியவர்களும் பின் பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். ஆசிரியர் பையன்களை மட்டும் கடிந்துகொள்ளவில்லை. பெற்றோர் நாலு காசு கூடுதலாக வருமென்று பிள்ளைகளை வயலுக்கும் மில்லுக்கும் அனுப்பியதைச் சொல்கிறார். தாமும் பாடம் நடத்தாமல், தம் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற அவர்களை அனுப்பியதை ஒப்புக்கொள்கிறார்.

தாய்மொழியின் அருமையைச் சொல்லும் கதை அது. ஆங்கிலப் புத்தகத்திலிருந்தே நம் பிள்ளை தமிழின் அருமையையும் தெரிந்துகொள்ளலாம் என்பது ஒரு பக்கம். நமக்கு உறைத்தது இன்னொரு பக்கம். பள்ளி திறப்பது ஜூனில். குற்றாலம் சீசனும் ஜூனில்தான். சாரல் விழுந்து கூட்டம் வந்துவிட்டால், "ரெண்டு நாள் லீவு போடுடே, கடையில ஆள் இல்ல" என்று சொல்லாத வீடு எத்தனை? ரெண்டு நாள் ரெண்டு வாரம் ஆகும். பாடம் தொடங்குகிற மாதத்தில் அடித்தளம் போய்விடும். பிறகு ஜனவரியில் கைடை வாங்கிக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்கிறோம். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத் தொழிலில் மட்டுமே உதவலாம் என்று 2016-ல் திருத்திய சட்டமும் சொல்கிறது. சட்டத்துக்குப் பயந்து இல்லாவிட்டாலும், பிள்ளைக்காகவாவது இதை நாம் யோசிக்க வேண்டும்.

சிலர் சொல்லும் சமாதானம்

செல்போனில் காட்டினால் தமிழில் சொல்லிவிடுகிறதே என்பார்கள். உண்மை, நாமும் காட்டிப் பார்க்கிறோம். ஆனால் தராசு சரியாக நிற்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவன் கையில்தான் தராசு உதவும். செல்போன் சொன்னது சரியா, தேதியும் தொகையும் நிபந்தனையும் ஒத்து வருகின்றனவா என்று பார்க்க, படித்துப் புரியும் அறிவு கொஞ்சமாவது வேண்டும். ஆங்கில வழிப் பள்ளியில் சேர்த்துவிட்டோம், இனிக் கவலை இல்லை என்பார்கள். அங்கேயும் நோட்ஸை மனப்பாடம் செய்தால் பலன் இதே பலன்தான். கணக்கும் அறிவியலும்கூட மனப்பாடமாகிவிடும் என்பது கூடுதல் நஷ்டம்.

சங்கம் என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் நாம் சொல்லவில்லை. நம் சக்திக்கு உட்பட்டதாக நான்கு யோசனைகள்.

ஒன்று: கடைக்கு வருகிற ஆங்கிலக் கடிதம், கொட்டேஷன், லாரி ரசீது, லேபிள், வங்கித் தாள் ஆகியவற்றில் பெயரையும் கணக்கு எண்ணையும் அடித்துவிட்டு நகல் எடுத்து, பக்கத்துப் பள்ளி ஆங்கில ஆசிரியரிடம் மாதம் ஒரு கட்டாகக் கொடுப்போம். வகுப்பில் பயன்படுத்துவது அவர் விருப்பம். கேட்டால் நம்மில் ஒருவர் போய் அந்தத் தாள் எதற்கு என்று தமிழில் விளக்கலாம்.

இரண்டு: ஆண்டு விழாவில் மார்க்குக்குக் கொடுக்கும் பரிசோடு இன்னொரு பரிசும் வைப்போம். முன்பின் பார்க்காத ஒரு கடிதத்தைப் படித்துத் தமிழில் விளக்கி, ஆங்கிலத்தில் ஐந்து வரி பதில் எழுதும் பிள்ளைக்கு அந்தப் பரிசு. பரிசாகக் கேடயம் வேண்டாம். நல்ல எளிய கதைப் புத்தகங்களும் ஓர் அகராதியும் கொடுப்போம்.

மூன்று: கைடு விற்கிற உறுப்பினர்கள் அதை நிறுத்த வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதே மேஜையில் எளிய ஆங்கிலக் கதைப் புத்தகம் பத்து வையுங்கள், வருகிற பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று மட்டும் கேட்கிறோம்.

நான்கு: சீசன் மூன்று மாதமும் பள்ளி நேரத்தில் பிள்ளைகளைக் கடையில் நிறுத்துவதில்லை என்று நமக்கு நாமே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வோம். இது நான்கிலும் கஷ்டமானது. பலன் அதிகமுள்ளதும் இதுதான்.

முதலில் சொன்ன அண்ணாச்சி இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? வருகிற ஆங்கிலக் கடிதம் எதுவானாலும், கம்பியில் குத்துமுன் ராத்திரி கடை அடைத்தபின் மகனோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கிறார். புரியாத சொல்லை மகன் அகராதியில் பார்க்கிறான். அது எந்த வியாபார விஷயம் என்று தகப்பனார் சொல்கிறார். "ரெண்டு பேரும் சேந்துதான் படிக்கோம், எனக்கும் நாலு வார்த்தை வந்திருக்கு" என்றார் சிரித்துக்கொண்டே. ரூ.18,600 கொடுத்து அவர் படித்த பாடத்தை நாம் செலவில்லாமலே படித்துக்கொள்ளலாம்.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில் இதைப் பேசுவோம். உறுப்பினர்கள் தவறாமல் வாருங்கள். கையில் ஒரு ஆங்கிலக் கடிதத்தோடு வாருங்கள்.